அக்காவைப் பிடித்த கிரகணம்

எங்கள் வீட்டில் எது வந்தாலும் முதலில் அக்காவுக்குத்தான் வரும். புதுப் பாவாடை அவளுக்கு வரும், அவளுக்குக் குட்டையான பிறகு எனக்கு வரும். புத்தகப்பை அவளுக்கு வரும், வார் அறுந்து தைத்த பிறகு எனக்கு வரும். அம்மைகூட அவளுக்குத்தான் முதலில் போட்டது. அவளை வேப்பிலையில் கிடத்தி, தாங்கு தாங்கென்று தாங்கி, வீடே களைத்துப்போயிருந்த நேரத்தில் எனக்குப் போட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். சந்திர கிரகணமும் அவளைத்தான் பிடிக்கப்போகிறது என்று தெரிந்தபோதுதான் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. கிழக்குத் தாம்பரத்தில், சேலையூருக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை, வெளிப்பக்கமாக மொட்டை மாடிக்குப் படி. சுற்றிலும் பாதி மனைகள் காலியாகக் கிடந்தன. அப்பா ரயில்வேயில் கிளார்க். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எங்களோடு தங்கி, தினமும் மின்சார ரயில் பிடித்துப் பட்டணத்துக்குப் போய்க் கணக்கில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தார். படித்ததை வீட்டில் யாரிடமாவது கொட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மார்கழியில் ஒரு நாள் அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, திருவாதிரையன்று ராத்திரி பூரண சந்திர கிரகணம் என்றார். கிரகணம் எந்த நட்சத்திரத்தில் பிடிக்கிறதோ அந்த நட்சத்திரக்காரர்களுக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர்கள் பனையோலைத் துண்டில் சுலோகம் எழுதி நெற்றியில் கட்டிக்கொண்டு, அறைக்குள் இருக்க வேண்டும். நிலாவைப் பார்க்கக் கூடாது. விட்ட பிறகு ஓலையை அவிழ்த்து, அரிசியும் தேங்காயும் சேர்த்துத் தானம் கொடுத்துவிட வேண்டும். கிரகணம் பிடிக்கிற நேரத்துக்குள் திருவாதிரை போய் அடுத்த நட்சத்திரம் வந்துவிடுமாம். அப்பா விரலை வைத்துக்கொண்டு, புனர்பூசம், அதோடு சேர்ந்த விசாகம், பூரட்டாதி என்று படித்தார்.

"அய்யய்யோ, புனர்பூசமா? பெரியவ புனர்பூசமாச்சே!" என்று அம்மா கரண்டியோடு ஹாலுக்கு வந்துவிட்டாள். அப்பா விசாகம். அதைப் பற்றி அம்மா ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை.

"எனக்கு?" என்றேன்.

"நீ பூசம். உன்னைப் பிடிக்கலை. போய் ஹோம்வொர்க் பண்ணு."

புனர்பூசத்துக்கு அடுத்த நட்சத்திரம் பூசம். இவ்வளவு பெரிய ஆகாயத்தில், எனக்கு ஒரு வீடு முன்னால் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது கிரகணம். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

அன்றிலிருந்து அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கிணற்றடியில் தண்ணீர் சேந்தச் சொன்னால், "எனக்குக் கிரகணம்" என்பாள். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். இடைவேளையில் நாலு பெண்கள் வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மாவோ அவளுக்கு மட்டும் நெய் கூடுதலாக ஊற்றினாள், தலையைத் தடவினாள், ராத்திரி பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். அந்தப் பக்கத்து இடம் என்னுடையது. நான் சுவரோரமாக உருண்டு கிடந்தேன்.

கிரகணத்தன்று காலையில் களி கிண்டி, கூட்டு வைத்து, சாப்பிட்டு முடித்ததும் அம்மா எங்கள் இருவரையும் மாடம்பாக்கம் கோயிலுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனாள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்குமுன் நான் என் பெயரைச் சொல்லி, "பூசம்!" என்று கத்தினேன். அந்தப் பழைய கல் மண்டபத்தில் அது நாலு பக்கமும் போய் மோதித் திரும்பி வந்தது. குருக்களும் என் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அது இல்ல சாமி, இது வாயாடி. பெரியவளுக்கு மட்டும் பண்ணுங்க," என்றாள் அம்மா.

என் பெயர் பாதியில் நின்றது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோயில் வாசலில் ஓலை விற்றுக்கொண்டிருந்தார்கள். அம்மா இரண்டு வாங்கினாள், அக்காவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. மூன்றாவதாக ஒன்று வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன். பேசாமல் வா என்று தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது.

சரி, நீங்கள் வாங்கித் தரவில்லை என்றால் எனக்குச் செய்துகொள்ளத் தெரியாதா? பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். அவர்கள் கிறிஸ்தவர்கள், கிரகணத்தை எல்லாம் சட்டை செய்வதில்லை. அவர் வீட்டுத் தென்னை மட்டை ஒன்று வேலியோரம் விழுந்து கிடந்தது.

"டீச்சர், ஒரு ஓலை எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கோடி. எதுக்கு, காத்தாடி செய்யவா?"

"இல்ல டீச்சர். நெத்தியில கட்டிக்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கிறிஸ்துமஸுக்குச் செய்து மிச்சமிருந்த கேக்கில் ஒரு துண்டு கொடுத்து அனுப்பினார். அப்பாவின் சவர பிளேடால் ஓலையை நறுக்கினேன். அளவெல்லாம் சரியாக வந்தது. அதில் என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல். எனக்குச் சுலோகம் தெரியாது. யோசித்துப் பார்த்துவிட்டு, நோட்டுப் புத்தக லேபிளில் எழுதுவது போல என் பெயர், மூன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு என்று பேனாவால் எழுதி, இரட்டைச் சடை ரிப்பனில் ஒன்றை அவிழ்த்து நெற்றியில் கட்டிக்கொண்டேன். பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். அக்காவைவிட எனக்குத்தான் எடுப்பாக இருந்தது. நிமிர்ந்த தலையோடு ஹாலுக்கு நடந்து போனேன்.

அம்மா பார்த்தாள். முதலில் அவள் முகம் வெளுத்தது, பிறகு முதுகில் விழுந்தது ஒரு அறை.

"கழுதை, பிடிக்காத பீடையை வலிய இழுத்து வெச்சுக்கறியா? உன்னை விட்டுட்டுப் போகுதேன்னு நான் சாமிக்கு வேண்டிக்கிட்டு இருக்கேன், இவ வா வான்னு கூப்பிடறா!"

ரிப்பனைப் பிய்த்து, ஓலையை அடுப்பில் போட்டாள். கையில் உப்பும் மிளகாயும் அள்ளி வந்து என்னைச் சுற்றினாள். அவள் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அந்த ஒரு நிமிஷம் அம்மா முழுக்க எனக்கு என்று இருந்தாள், முதுகு எரிந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் அக்கா உள்ளேயிருந்து, "அம்மா, எனக்கு ஓலை கட்டுற நேரமாச்சா?" என்று கேட்டாள். அம்மா உப்பை அடுப்பில் போட்டுவிட்டு ஓடினாள்.

நான் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மாமா அங்கேதான் துணி எடுத்துக்கொண்டிருந்தார். துணியைத் தொட்டி மேல் வைத்தார். பிறகு ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தார்.

"இங்க பாரு. கிரகணம்னா ஏதோ இன்னிக்குப் புதுசா வந்ததுன்னு நினைக்காத. கிரகணத்துக்கும் வம்சம் உண்டு, நம்மளை மாதிரி. இன்னிக்கு வர்ற கிரகணம் பதினெட்டு வருஷம், அதுக்கு மேல ஒரு பத்துப் பதினோரு நாள் கழிச்சுத் திரும்ப வரும். அதேதான், அச்சு அசலா அதேதான். அதுக்கப்புறம் இன்னொரு பதினெட்டு வருஷம், இன்னொரு பதினெட்டு. இதோட வம்சம் சோழர் காலத்துல ஆரம்பிச்சது. மாடம்பாக்கம் கோயில் கட்டினாங்களே, கிட்டத்தட்ட அந்தச் சமயம். முதல்ல நிலா ஓரத்துல சும்மா உரசிட்டுப் போயிருக்கும். யாருமே கவனிச்சிருக்க மாட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்து, இப்ப முழுசா மூடுது. இன்னும் நானூறு வருஷம் போச்சுன்னா அந்த ஓரமா உரசிட்டு, அதோட வம்சம் முடிஞ்சுடும்."

தரையில் வரிசையாக வட்டங்கள். ஓரத்தில் கறை, பாதிக் கறை, முழுக் கறை, மறுபடி பாதி. எனக்குச் சோழரும் வேண்டாம், நானூறு வருஷமும் வேண்டாம்.

"அப்பவும் அவளைத்தானே பிடிக்கும்?" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மாமா செங்கல்லைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. கணக்கு ஒத்து வரும்போது அவருக்கு எப்போதும் வருவது.

"அதான் இல்ல! பத்து நாள் தள்ளி வருதுல்ல? அதனால நட்சத்திரமும் ஒண்ணு தள்ளிடும். போன தடவை இதே கிரகணம் திருவாதிரையில பிடிச்சது. உங்கம்மா திருவாதிரை. இப்போ புனர்பூசம், உங்கக்கா. அடுத்த தடவை என்ன?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். திருவாதிரை, புனர்பூசம், பூசம். அழுகை நின்றுவிட்டது.

"எப்ப மாமா?"

"ரெண்டாயிரத்துல. தை மாசம். ரேஷன் கடை மாதிரிதான், உங்கம்மா, உங்கக்கா, அப்புறம் நீ. வரிசையில நில்லு, கண்டிப்பா வரும்."

கீழே ஓடினேன். அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஓலை கட்டி, இரண்டு புருவத்துக்கு நடுவே குங்குமம் வைத்து, மடியில் மல்லிகைப்பூப் பந்தோடு அம்மன் மாதிரி இருந்தாள். "ரெண்டாயிரத்துல எனக்கு! உனக்கு அப்புறம் கிடையவே கிடையாது!" என்றேன். அவள், "போடி, அப்ப நீ கிழவி," என்றாள்.

ராத்திரி சாப்பாடு சீக்கிரம் முடிந்தது. ஊறுகாய் ஜாடி மேலும் தண்ணீர்க் குடத்து மேலும் தர்ப்பை போட்டாள் அம்மா. அப்பா ஓலையைக் கட்டிக்கொண்டு ஹாலில் படுத்து, உடனே குறட்டை விட்டார். அம்மா அக்காவை அறைக்குள் அழைத்துப் போய், ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டாள். நானும் உள்ளே வருகிறேன் என்று கதவைத் தட்டினேன்.

"உனக்குத்தான் தோஷம் இல்லையே, மாமாவோட மாடிக்குப் போ. நல்லாத் தெரியுமாம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாமா என்னைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். நல்ல பனி. அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லாம் ஆட்கள். டீச்சர் வீட்டில் எல்லாரும் போர்வையும் ஃபிளாஸ்க்குமாக ஏறி வந்திருந்தார்கள். யாரோ, "புடிச்சிச்சுப்பா, புடிச்சிச்சு!" என்று கத்தினார்கள். மாமா என் தலையைத் திருப்பப் பார்த்தார். நான் திருப்பவிடவில்லை. படிக்கட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் அறை ஜன்னலில் போர்வை ஓரமாக ஒரு விரற்கடை வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்துக்குள் அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், இருவரும் ஏதோ முணுமுணுவென்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடிய விடிய அம்மா அவளுக்கு மட்டும்.

"சிவந்துடுச்சு! அடியே, முழுசாச் சிவந்துடுச்சு, ஒரே ஒரு தடவை பாரு!" என்று மாமா குதித்தார்.

"அது அவளோட கிரகணம். நான் எதுக்குப் பார்க்கணும்?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடிய கண்ணோடு அப்படியே தூங்கிப்போனேன். காலையில் எழுந்தபோது எல்லாம் முடிந்து, அம்மா வீடு கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அக்காவோடு சண்டை வரும்போதெல்லாம் ரெண்டாயிரத்தைச் சொல்லித்தான் மிரட்டினேன். சண்டைக்கா பஞ்சம்? அவள் மார்க் வாங்கினாள், எனக்குத் திட்டு விழுந்தது. அவள் இன்ஜினியரிங் சேர்ந்தாள், நான் பி.காம். சேர்ந்தேன். பெண் பார்க்க வந்த அமெரிக்க மாப்பிள்ளை பத்தே நிமிஷத்தில் சரி என்று சொன்னார். அம்மா ஊறுகாயும் பொடியுமாகக் கட்டி, மீனம்பாக்கத்தில் அழுதுகொண்டே வழியனுப்பிவிட்டு வந்தாள். பிறகு மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, நான் ஏதோ அவளைத் துரத்திவிட்டது போல. நானும் பெரியவளாகிவிட்டேன், ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குப் போகிறேன், இதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? ரெண்டாயிரத்தில் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று ஆபீசில் ஆளாளுக்கு அலறியபோது, நான் மட்டும் தை மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமா கணக்கு தப்பவில்லை. தைப்பூசத்தன்று பூச நட்சத்திரத்தில் பூரண சந்திர கிரகணம் என்று காலண்டரிலேயே போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'இந்தியாவில் தெரியாது' என்றும் போட்டிருந்தது. காலை பத்து மணிக்குப் பிடிக்கிறதாம். நல்ல வெயிலில் நிலா எங்கே இருக்கும்? மாமா அப்போது கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் வாத்தியார். போன் போட்டுக் கத்தினேன்.

"பதினெட்டு வருஷம், பதினோரு நாள், அதுக்கு மேல எட்டு மணி நேரம் இருக்குடி," என்று சிரித்தார். "அந்த எட்டு மணி நேரத்துல பூமி சுத்திடும்ல? திரும்ப நம்ம ஊர் ராத்திரிக்கு வரணும்னா மூணு சுத்து ஆகணும். அன்னிக்கு அதையும் சொல்லியிருந்தா நீ அழுகையை நிறுத்தியிருப்பியா?"

மூன்று சுற்று என்றால் அக்காவின் கிரகணத்திலிருந்து ஐம்பத்துநாலு வருஷம். நட்சத்திரமும் அதற்குள் எங்கேயோ போயிருக்கும். தைப்பூசத்தன்று வேலைக்கு லீவு போட்டு வைத்திருந்தேன், அதை மாற்றவும் இல்லை. பத்து மணிக்கு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழே போன் அடித்தது. அக்கா.

"உன் கிரகணம் வந்திருக்குடி! பால்கனியில நிக்கறேன். இங்க ராத்திரி, நல்ல குளிர். அவரும் குழந்தையும் தூங்கிட்டாங்க. உனக்கு அங்க தெரியாதுல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பதினெட்டு வருஷம் வரிசையில் நின்றவள் நான். பொருள் வந்து சேர்ந்தது அவள் வீட்டு வாசலில்.

"நல்லாப் பாரு," என்றேன்.

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். முழுசாச் சிவந்துடுச்சு. செம்பு மாதிரி." குரல் இறங்கியிருந்தது. "எனக்கு இதான் முதல் தடவை, தெரியுமா? அன்னிக்கு அம்மா ஜன்னலை அடைச்சு உட்கார வெச்சுட்டா. மாமா சிவந்துடுச்சு சிவந்துடுச்சுன்னு மாடியில குதிச்சது வென்டிலேட்டர் வழியா கேட்டுச்சு. ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்னு அம்மா காலைப் பிடிச்சு அழுதேன், விடவே இல்ல. நீ மட்டும் பார்த்துட்டே. எனக்கு உன்னைக் கொன்னு போடலாம்னு இருந்துச்சு. மறுநாள் கேட்கலாம்னு நினைச்சேன். நீ அலட்டுவேன்னு கேட்கலை. அப்புறமும் கேட்கவே இல்லை."

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

"சொல்லுடி," என்றாள் அக்கா. "அன்னிக்கு எப்படி இருந்துச்சு? இதே சிவப்புதானா?"

"அக்கா, நான் பார்க்கலைக்கா. திரும்பி உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கிட்டேன்."

"மாடியில இருந்துக்கிட்டு பார்க்கலையா? யார்கிட்ட கதை விடற?"

"சத்தியமா பார்க்கலை."

"போடி. சொல்ல மனசில்லன்னா விடு. சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான். உனக்குன்னு ஒண்ணு கிடைச்சா என் கண்ணுலயே காட்ட மாட்ட."

போனை வைத்துவிட்டாள். அக்கா இத்தனை வருஷம் பொறாமைப்படும்படி ஒன்று அன்றைக்கு என்னிடம் இருந்திருக்கிறது. மாடியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்த எட்டு வயதுக்காரிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அக்காவை வெறுப்பேற்றுவதற்காகவாவது ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்திருப்பேன்.